இடைவிட்ட நொண்டல்: குருதியோட்டம் குன்றிய கால்களுக்கு நடையும் எடைக்குறைப்பும்

மனித உறுப்புகளுள் கால் அளவுக்குத் தமிழ் வழக்கில் ஊடுருவி நிற்பன சிலவே. காலூன்றினான் என்கிறோம்; கால்கோள் விழா என்கிறோம்; மாலைப் பொழுதில் 'காலாற நடந்து வருகிறேன்' என்று சொல்லிப் புறப்படுகிறோம். நடந்தால் கால் இளைப்பாறும் என்னும் அனுபவத்திலிருந்து பிறந்த தொடர் அது. ஆனால், நடக்க நடக்கக் கால் ஆறாமல் இறுகிப் பிடித்துக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு. நூறு கெஜம் நடந்ததும் கெண்டைக்கால் கல்லாக இறுகும். நின்றால் சில நிமிடங்களில் வலி மறையும். மீண்டும் நடந்தால் ஏறத்தாழ அதே தொலைவில் மீண்டும் வரும். வயது முதிர்ந்தோர் பலர் இதனை 'வயசுக் கோளாறு' என்று ஒதுக்கிவிடுவர். அது வயதின் குற்றமன்று. காலுக்குக் குருதி கொண்டு செல்லும் தமனி குறுகிப்போனதன் அறிகுறி. இந்நோய் உடையார்க்கு நடைப்பயிற்சியும் உடல் எடைக்குறைப்பும் எவ்வாறு மருந்தாகின்றன, எந்த அளவில் மருந்தாகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் வரலாறும்

மேலை மருத்துவர் இவ்வலிக்கு இட்ட பெயர், நொண்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. உரோமைப் பேரரசர் கிளாடியசின் பெயரும் அதே வேரைச் சேர்ந்தது. அவர் உண்மையிலேயே நொண்டி நடந்தவர் என்று வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். தமிழில் இதனை 'இடைவிட்ட நொண்டல்' எனலாம். ஜெர்மானிய மக்கள் இன்னும் அழகாக, 'கடைச்சாளர நோய்' என்று அழைப்பர். வலி வந்தவர் தெருவில் வெறுமனே நிற்க நாணி, கடையின் கண்ணாடிச் சாளரத்தைப் பார்ப்பவர் போல நிற்பாராம். நம் ஊர்ப் பெரியவர்கள் தெரிந்தவர் யாரையேனும் நிறுத்தி நலம் விசாரிப்பது போல நின்றுகொள்வதைக் கண்டவர்க்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

இந்நோய் மருத்துவ ஏட்டில் முதலில் இடம்பெற்றது மனிதனிடம் அன்று, குதிரையிடம் என்பது சுவையான செய்தி. 1831ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கால்நடை மருத்துவர் பூலே, ஓடும்போது நொண்டி, நின்றதும் தேறிய ஒரு குதிரையைப் பற்றி எழுதினார். அதே நிலை மனிதரிடத்தும் உண்டு என 1858இல் விளக்கியவர் புகழ்பெற்ற மருத்துவர் சார்க்கோ. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1898இல், ஜெர்மானிய நரம்பியல் அறிஞர் வில்ஹெல்ம் எர்ப் இத்தகையோர்க்கு நடைப்பயிற்சியை ஒரு சிகிச்சையாகவே பரிந்துரைத்தார். கருத்து பழையதே. ஆயினும் நம் இல்லங்களில் இன்றளவும் வழங்குவது இதற்கு நேர்மாறான அறிவுரை: 'கால் வலிக்கிறதா? உட்காருங்கள், நடக்காதீர்கள்.'

வலி எங்கிருந்து வருகிறது?

அமர்ந்திருக்கும்போது கெண்டைக்கால் தசைக்கு வேண்டிய குருதி மிகச் சிறிதே. குறுகிய தமனியும் அவ்வளவைத் தந்துவிடும். நடக்கத் தொடங்கியதும் தசையின் தேவை பன்மடங்கு பெருகுகிறது. நலமான தமனி விரிந்து கொடுக்கும், கொழுப்பும் சுண்ணமும் படிந்து தடித்த தமனி கொடுக்க இயலாது. உயிர்வளி போதாத தசை வலியால் முறையிடுகிறது. நின்றவுடன் தேவை குறைகிறது, வலியும் தணிகிறது. அடைப்பு தொடையில் இருந்தால் கெண்டைக்காலும், இடுப்பளவில் இருந்தால் தொடையும் பிட்டமும் வலிக்கும்.

இங்கே ஒரு வேறுபாட்டை வற்புறுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. 'காலில் இரத்த ஓட்டம் சரியில்லை' என்னும் ஒரே தொடரை நம் மக்கள் இருவேறு நோய்களுக்கு வழங்குகின்றனர். ஒன்று, குருதி கீழே வந்து சேராத தமனி நோய். மற்றொன்று, வந்த குருதி மேலே திரும்பாத சிரை நோய். இரண்டாவதில் நெடுநேரம் நின்றால் கால் கனக்கும், மாலையில் கணுக்கால் வீங்கும், நரம்பு சுருண்டு புடைக்கும் என்று நாம் சொல்லும் சிரைப்புடைப்பு தோன்றும். காலைத் தலையணைமேல் உயர்த்தினால் இதமாக இருக்கும். தமனி நோயில் காலை உயர்த்தினால் வலி கூடும், தொங்கவிட்டால் குறையும். சிரை நோயர்க்கு நன்மை செய்யும் இறுக்கமான காலுறை, முற்றிய தமனி நோயர்க்குத் தோலைப் புண்ணாக்கித் தீங்கு செய்யும். ஆகவே, பக்கத்து வீட்டாருக்குப் பயன்பட்ட காலுறையை இரவல் வாங்கி அணிவது ஆபத்து. முதுகெலும்பின் நரம்புக் குழாய் குறுகியவர்க்கும் நடந்தால் கால் வலிக்கும். ஆனால் அவர் வெறுமனே நின்றால் தேறமாட்டார், உட்காரவோ முன்குனியவோ வேண்டும். இந்த ஒரு கேள்வியே பல வேளைகளில் நோயை இனங்காட்டிவிடும்.

கணுக்காலில் ஒரு கணக்கு

சித்த மருத்துவ நூல்கள் நாடி பார்க்கும் இடங்களைப் பத்தென எண்ணுமிடத்துக் குதிச்சந்தையும் சேர்த்தே எண்ணுகின்றன. நடைமுறையில் நாம் மணிக்கட்டோடு நின்றுவிட்டோம். பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலின் பின்புறத்திலும் விரல் வைத்தால் துடிப்பு தென்படும். தென்படாவிடில் ஐயுற வேண்டும்.

ஐயத்தைத் தீர்க்கும் சோதனை எளியது. கணுக்காலில் அளந்த குருதியழுத்தத்தை மேற்கையில் அளந்த குருதியழுத்தத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவே. கையில் 140, கணுக்காலில் 84 எனின் ஈவு 0.60. நலமான காலில் இவ்வீவு 1.00 அல்லது அதனைச் சற்றே கடந்து நிற்கும், 0.90 அல்லது அதற்குக் கீழ் எனின் தமனி நோய் உண்டு எனக் கொள்வர். நீண்டநாள் நீரிழிவு உடையார்க்குத் தமனிச் சுவர் சுண்ணமேறி அமுங்காது நிற்பதால் ஈவு 1.40க்கு மேலும் போகலாம். அது நலத்தின் அடையாளமன்று. அவர்க்குக் கால் பெருவிரலின் அழுத்தத்தை அளந்து பார்ப்பர்.

இந்நோயை வரவழைப்பவற்றுள் முதலிடம் புகைக்கு, அடுத்த இடம் நீரிழிவுக்கு. உயர் குருதியழுத்தம், மிகுகொழுப்பு, முதுமை ஆகியன பின்தொடர்வன. சென்னை நகர மக்களிடையே நடத்தப்பெற்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆராயப்பட்டோருள் 3.2 விழுக்காட்டினருக்கும், அவர்களுள் நீரிழிவு உடையாரில் 6.3 விழுக்காட்டினருக்கும் கால் தமனி நோய் இருந்ததாகக் கண்டது. பீடியும் சிகரெட்டும் இளைஞரின் கால்விரலையே கருகச் செய்யும் தனியொரு நோயும் உண்டு. 1908இல் அதனை விரித்தெழுதிய லியோ பர்கரின் பெயரால் அது வழங்குகிறது. அதற்குப் புகையை அறவே விடுவதைத் தவிர உறுதியான மருந்தில்லை. நம் மாணவர்கள் இவ்வரியை இருமுறை படித்தல் நலம்.

வலிக்குள் நடத்தல்

இனி, கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம். இந்நோயர்க்குரிய நடைப்பயிற்சி, பூங்காவில் பேசிக்கொண்டே செல்லும் நடையன்று. அதன் இலக்கணம் வேறு. மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்குள் கெண்டைக்காலில் வலி தோன்றும் வேகத்தில் நடக்க வேண்டும். வலி தோன்றியதும் நின்றுவிடலாகாது. அது நடுத்தர அளவைக் கடந்து, 'இனி நிற்க வேண்டும்' என்னும் நிலையை எட்டும்வரை நடந்து, பின்னரே நிற்க வேண்டும். வலி முற்றிலும் நீங்கும்வரை நின்றோ அமர்ந்தோ இளைப்பாற வேண்டும். மறுபடி நடக்க வேண்டும். இவ்வாறு நடையும் நிற்றலுமாகத் தொடக்கத்தில் 30 நிமிடம், சில வாரங்களில் 45 நிமிடம் அல்லது சற்று மிகுதி. வாரத்தில் மூன்று நாட்களேனும். குறைந்தது பன்னிரண்டு வாரங்கள். வலி வருமுன் நடக்கும் நேரம் பத்து நிமிடத்தை எட்டிவிட்டால் வேகத்தைக் கூட்ட வேண்டும்.

வலி என்பது 'நிறுத்து' என்னும் கட்டளை என்றே நாம் பழகியிருக்கிறோம். மார்பு வலிக்கு அது முற்றிலும் உண்மை. கெண்டைக்காலின் இவ்வலிக்கு அது பொருந்தாது. நின்றதும் நீங்கும் இவ்வலியால் தசை அழிவதில்லை. மேரி மெக்டெர்மாட் என்னும் மருத்துவ அறிஞர் தலைமையில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. 305 நோயரைப் பிரித்து, ஒரு சாராரை வலி வராத வேகத்திலும், மற்றொரு சாராரை வலி வரும் வேகத்திலும் ஓராண்டுக் காலம் தம் இல்லத்தருகே நடக்கச் செய்தனர். பயிற்சியே இல்லாத மூன்றாம் சாராரும் இருந்தனர். ஆறு நிமிடத்தில் கடக்கும் தொலைவு, வலியோடு நடந்தவர்க்குக் கூடியது. வலியின்றி நடந்தவர்க்குப் பயிற்சியே செய்யாதவரைவிட முன்னேற்றம் இல்லை. ஓராண்டு முழுதும் நடந்தும் அந்நோக்கில் பயன் காணாமற்போன அம்முதியவர்களை எண்ணினால் இரக்கம் தோன்றுகிறது.

முந்தைய ஆய்வுகளும் உள. கார்ட்னர், போல்மன் என்னும் இருவர் 21 ஆய்வுகளைத் தொகுத்து 1995இல் வெளியிட்ட கட்டுரையில், வலி தோன்றும் தொலைவு சராசரி 126 மீட்டரிலிருந்து 351 மீட்டராகவும், நடக்க முடிந்த மிகுதொலைவு 326 மீட்டரிலிருந்து 723 மீட்டராகவும் உயர்ந்ததாகக் கணக்கிட்டனர். பிற்காலத்தில் கடுமையான அளவுகோல் கொண்டு தொகுத்தோர் இதனினும் குறைந்த பயனையே கண்டனர். மிகுதொலைவு ஏறத்தாழ 120 மீட்டர் கூடியது என்பது 2017ஆம் ஆண்டுத் தொகுப்பின் முடிவு. நாம் இப்பிந்தைய எண்ணையே நம்பலாம். 120 மீட்டர் சிறிதெனத் தோன்றலாம்; வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை நில்லாமல் செல்ல இயலாதவர்க்கு அது சிறிதன்று.

தமனிக்குள் கம்பிவலைக் குழாய் பொருத்தி விரிக்கும் சிகிச்சையோடு ஒப்பிட்டால் என்ன ஆகும்? வயிற்றுப் பெருந்தமனியின் கீழ்க்கிளைகளில் அடைப்புடைய 111 பேரைக் கொண்டு அமெரிக்காவில் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாத முடிவில் மிகுதியான நேரம் நடக்க முடிந்தவர்கள் மேற்பார்வையில் பயிற்சி செய்தோரே. எனினும், 'என் வாழ்வு எளிதாயிற்று' என்று கூடுதலாகச் சொன்னவர்கள் குழாய் பொருத்தப்பெற்றோர். இரண்டும் உண்மையே, ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தல் நேர்மையாகாது. அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடு 2017 முதல் பன்னிரண்டு வாரங்களில் 36 அமர்வுகள்வரை இப்பயிற்சிக்குப் பணம் தர ஒப்புக்கொண்டதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

பயிற்சி எவ்வாறு வேலை செய்கிறது? அடைப்பைச் சுற்றிப் புதுக் குருதிக்குழாய்கள் முளைக்கின்றன என்பது பரவலாகச் சொல்லப்படும் விடை. அதில் ஒரு கூறே உண்மை. பெரும்பயன் தசையில் விளைகிறது: கிடைக்கும் சிறிதளவு உயிர்வளியைச் செட்டாகப் பயன்படுத்தத் தசை கற்றுக்கொள்கிறது, தமனியின் உட்சுவர் விரியும் இயல்பை ஓரளவு மீட்டுக்கொள்கிறது, நடையும் சிக்கனமாகிறது. குறைந்த வருவாயில் குடும்பம் நடத்தப் பழகிய தாயைப் போன்றது பயின்ற தசை.

எங்கே நடப்பது? சமதளமான, நிற்க இடமுள்ள வழியே சிறந்தது. கல்லூரி விளையாட்டுத் திடல், கடற்கரைச் சாலை, நீண்ட மாடித் தளம் எதுவாயினும் ஆகும். தெருவிளக்குக் கம்பங்களை எண்ணித் தொலைவை அறியலாம். வெளியே செல்லும் வழக்கமில்லாத நம் மூத்த பெண்மணிகள் கூடத்திலோ மொட்டை மாடியிலோ நடக்கலாம். தரையில் எட்டு வரைந்து அதன்மேல் நடக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவியுள்ளது, அதில் குற்றமில்லை, ஆயினும் சிறிய எட்டில் அடிக்கடி திரும்புவதால் வேகம் குறைந்து, வேண்டிய அளவு வலி வராமற்போகலாம். நேரான நீள்வழி கிடைத்தால் அதுவே மேல்.

மூட்டுவலியால் நடக்கவே இயலாதவர் கையால் சுழற்றும் மிதிவண்டிக் கருவியைப் பயன்படுத்தலாம். கைக்குப் பயிற்சி தந்தும் நடக்கும் தொலைவு கூடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சிரை நோய் மட்டும் உடையார்க்கு வலியைத் தேடி நடக்கும் இம்முறை தேவையில்லை. சாதாரண நடையும், நின்றபடி குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவதும் கெண்டைத் தசையை இறைப்பி போல இயக்கி, தேங்கிய குருதியை மேலேற்றும்.

எடையின் பங்கு

உடல் எடை இந்நோயைப் புகையைப் போல் நேரடியாக வரவழைப்பதில்லை. அது நீரிழிவையும் குருதியழுத்தத்தையும் வளர்த்து மறைமுகமாகத் துணைபுரிகிறது. நடக்கும்போது நேரடியாகவே தடையாகிறது. பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பவரின் கெண்டைக்கால் கூடுதலாக உழைத்தே தீர வேண்டும். இடுப்பில் சேர்ந்த பத்துக் கிலோவும் அத்தகைய பையே, இறக்கி வைக்க முடியாத பை. குருதிவரவு குறைந்த தசைக்கு அச்சுமை பெரிது.

எவ்வளவு எடை மிகுதி? கிலோ எடையை மீட்டர் உயரத்தின் இருமடியால் வகுக்க வேண்டும். 165 சென்டிமீட்டர் உயரமும் 74 கிலோ எடையும் உடையவர்க்கு விடை ஏறத்தாழ 27. ஐரோப்பியர்க்கு 30 வரை பொறுக்கும் கணக்கு நமக்கு உதவாது. இந்தியர்க்கு 23க்கு மேல் எடை மிகை, 25க்கு மேல் பருமன் என 2009இல் இந்திய மருத்துவ வல்லுநர் வகுத்துரைத்தனர். இடுப்புச் சுற்று ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைக் கடத்தல் நன்றன்று. மேற்சொன்னவர் ஆறு மாதத்தில் நான்கு முதல் ஏழு கிலோ குறைத்தாலே போதும். 'மாதம் பத்துக் கிலோ' விளம்பரங்களை நாட வேண்டுவதில்லை.

இங்கே பலரும் இடறுவர். நடந்தால் எடை குறையும் என நம்பி, ஒரு மாதம் நடந்து, எடைக்கருவி அசையாதது கண்டு நடையையே விட்டுவிடுவர். நின்று நின்று அரைமணி நேரம் நடப்பதால் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ நூறு கலோரி. திரும்பும் வழியில் உண்ணும் ஒரு மசால் தோசை அதனைப் பலமடங்காகத் திருப்பித் தந்துவிடும். எனவே எடையைத் தட்டில் குறைக்க வேண்டும், காலைச் சாலையில் தேற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றெனக் குழப்புவதாலேயே இரண்டும் கைநழுவுகின்றன.

தட்டில் குறைக்க வேண்டியது எது? பெரும்பாலும் சோறு, பரோட்டா, எண்ணெயில் பொரித்த பண்டம், நாளொன்றுக்கு நான்கைந்து முறை அருந்தும் சர்க்கரையிட்ட தேநீர். விருந்துப் பிரியாணியை மறுக்க முடியாது. இரண்டாம் முறை பரிமாறுவதை மறுக்கலாம். குறைக்கக் கூடாததும் ஒன்றுண்டு. பட்டினி கிடக்கும் முதியவர் கொழுப்போடு தசையையும் இழப்பார். கெண்டைத் தசை மெலிந்தால் நடை இன்னும் குறுகும். ஆகவே பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் ஆகியவற்றைக் குறைத்தலாகாது. சிறுநீரக நோய் உடையார் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவைப் பின்பற்றுக.

எடைக்குறைப்புக்கும் நீரிழிவுக்கும் தரும் செமாகுளுடைடு என்னும் ஊசி மருந்து பற்றி 2025இல் வெளிவந்த ஆய்வொன்றும் குறிப்பிடத்தக்கது. இரண்டாம் வகை நீரிழிவும் கால் தமனி நோயும் உடைய 792 பேரிடம் நடந்த அவ்வாய்வில், ஓராண்டு ஊசி பெற்றோர் நடக்கும் தொலைவு மாற்றுப் போலி ஊசி பெற்றோரினும் ஏறத்தாழ 13 விழுக்காடு கூடியிருந்தது. விலையும் பக்கவிளைவும் உடைய மருந்து, மருத்துவர் முடிவுக்குரியது.

தொடங்குமுன் அறிய வேண்டுவன

கால் தமனி அடைபட்டவர்க்கு இதயத் தமனியும் மூளைத் தமனியும் நலமாக இருக்கும் என நம்ப இடமில்லை. இந்நோயர் காலை இழப்பதினும் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் ஆளாவதே மிகுதி. ஆதலின் பயிற்சிக்கு முன் இதயப் பரிசோதனை வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் குருதி உறையாமல் காக்கும் மாத்திரையும் மருத்துவர் தந்திருந்தால், வலி குறைந்துவிட்டதெனத் தாமே நிறுத்தலாகாது. இன்சுலினோ சிலவகைச் சர்க்கரை மாத்திரைகளோ கொள்வோர் நடக்கும்போது சட்டைப்பையில் இனிப்பு வைத்திருத்தல் வேண்டும்.

நீரிழிவால் பாதம் உணர்விழந்தவர்க்கு இன்னொரு கவலை. வெறுங்காலோடு நடத்தல் வேண்டா. செருப்பில் கால் நுழைக்குமுன் உள்ளே கையால் தடவிப் பார்க்க வேண்டும்; சிறு கல்லொன்று மாலைக்குள் புண்ணாகிவிடும். கால் குளிர்கிறதென்று வெந்நீரில் வைப்பதும், தவிட்டு ஒத்தடம் கொடுப்பதும் நம் வீடுகளில் அன்பின் காரணமாகவே செய்யப்படுகின்றன; சூடு தெரியாத, குருதி குறைந்த தோல் அதில் வெந்து, ஆறாத புண்ணாகிவிடும். கம்பளிக் காலுறை போதும்.

இரவில் படுத்தபின் பாதம் வலித்து, கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டால்தான் உறக்கம் வரும் என்னும் நிலை, இரு வாரமாகியும் ஆறாத புண், கருகும் விரல் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் அவர் நடைப்பயிற்சிக்குரியவர் அல்லர். அறுவை மருத்துவரிடம் உடனே காட்டப்பட வேண்டியவர். கால் திடீரெனச் சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் அது மணிக்கணக்கில் எண்ணப்படும் அவசரம். ஆறு மணி நேரத்துக்குள் குருதி திரும்பாவிடில் காலைக் காப்பது அரிதாகிவிடும். அன்றிரவு எண்ணெய் தேய்த்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருத்தல் கூடாது.

மற்றையோர் ஒரு குறிப்பேட்டில் தேதி, வலி தொடங்கிய இடம், நின்ற இடம், மொத்த நேரம் ஆகிய நான்கையும் எழுதிவரலாம். வீட்டிலுள்ள மாணவர் இவ்வேட்டைப் பேணி, தாத்தாவோடு உடன் நடந்து, வலி வந்ததும் 'உட்காருங்கள்' என்னாமல் 'அந்த விளக்குக் கம்பம்வரை போவோம்' என்று சொல்லலாம். பன்னிரண்டு வாரம் கழித்துக் கணுக்கால் ஈவை மீண்டும் அளந்தால், பெரும்பாலும் அது 0.60இலேயே நிற்கும். அதுகண்டு தளர வேண்டா. அடைப்பு இருந்தபடியேதான் இருக்கிறது, மாறியது தசை. நடையை நிறுத்தினால் அம்மாற்றமும் மெல்ல மறையும். ஆகவே ஈவைப் பாராமல் விளக்குக் கம்பங்களை எண்ணுதல் வேண்டும்.